விளையாடப் போனோம், பேசி வந்தோம்!

“நீங்க ஆடுங்க, எனக்கு அடுப்படியில வேலை கிடக்கு.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கே கிடையாது. கூடத்தில் என் கணவரும் பிள்ளைகளும் கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டு, தட்டில் அடுக்கிக் கொண்டு வந்து, “ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நம்மில் பல பேருக்கு இதுதானே வழக்கம்? பாவாடை சட்டை போட்ட நாளோடு பல்லாங்குழியும் தாயக்கட்டையும் பரண் மேலே ஏறிவிடுகின்றன. அப்புறம் யார் இறக்குகிறார்கள்?

அப்படிப்பட்ட நான், 2025 அக்டோபர் 25ஆம் தேதி சனிக்கிழமை, ஒரு நாள் முழுக்க விளையாடுவதற்கென்றே கிளம்பிப் போனேன் என்றால் நம்புவீர்களா? கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு ஆறு வருஷமாக நாங்கள் ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்தில் இருக்கிறோம். அங்கிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் எஸ்ஸன் என்று ஓர் ஊர். வருஷா வருஷம் அக்டோபரில் அங்கே ஒரு விளையாட்டுத் திருவிழா. ஓடிப் பிடித்து ஆடுகிற விளையாட்டு இல்லை. தாயம், பரமபதம், சீட்டு என்பது போல மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டங்களுக்கு மட்டும் நாலு நாள் திருவிழா!

ஆனால், நான் அங்கே போனது விளையாட்டு ஆசையால் இல்லை. ஏமாற்றி அழைத்துப் போனார்கள். ஏன் ஏமாற்ற வேண்டி வந்தது என்பதைச் சொல்ல, என் தப்பு ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஊரில் எனக்கு நெருக்கமான தோழிகள் இரண்டே பேர். ஒருவர் யாழ்ப்பாணத்து அக்கா. நாட்டில் நடந்த யுத்தத்தால் 1991இல் இங்கே வந்து சேர்ந்தவர். வயதில் மூத்தவர். என்னைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். இன்னொருத்தி மதுரைக்காரி, என்னைவிட ஆறேழு வயது சின்னவள். ஒரு கிண்ணம் சாம்பார் வைத்தால்கூட இந்த மூன்று வீட்டுக்கும் போய்வரும். அப்படி இருந்தோம்.

இந்த ஊர்ப் பள்ளிக்கூட முறையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாநிலத்தில் நாலாம் வகுப்பு முடிந்ததும் குழந்தைகளைப் பிரித்து வேறு வேறு பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். நேராக யுனிவர்சிட்டிப் படிப்புக்குக் கொண்டுபோவது ‘கிம்னாசியம்’. (பெயரைப் பார்த்து உடற்பயிற்சிக் கூடம் என்று நினைத்துவிடாதீர்கள்!) பத்தாம் வகுப்போடு ஒரு கட்டம் முடிந்து, அங்கிருந்து தொழில் பயிற்சிக்கோ மேல் வகுப்புக்கோ போகக்கூடியது ‘ரெயால்ஷூல’. இன்னும் வேறு வகைகளும் உண்டு. எந்தப் பிள்ளை எதற்குப் பொருத்தம் என்று அரையாண்டு ரிப்போர்ட்டோடு டீச்சர் ஒரு சிபாரிசு எழுதித் தருவார். கடைசி முடிவு பெற்றோர் கையில்தான். ஆனாலும் அந்தக் காகிதம் வருகிற நாளில் பத்து வயசுப் பிள்ளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மாதிரிதான்!

சென்ற பிப்ரவரியில் மதுரைத் தோழியின் பையனுக்கு ரெயால்ஷூல என்று எழுதி வந்தது. அந்த வாரம் யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் ஒரு விருந்து. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பேச்சு பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. என் பெரியவன் கிம்னாசியத்தில் படிக்கிறான் என்ற கர்வம் எனக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. “தினமும் ஒரு மணி நேரம் டிவியை நிறுத்திட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? செல்லம் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துட்டே” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.

அவள் பதில் பேசவில்லை. தன் தட்டைக் கழுவி வைத்தாள். பையனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு போச்சு. டெலிபோன் நின்றது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வரவில்லை. தீபாவளிக்கு அவளுக்குப் பிடிக்குமே என்று திரட்டுப்பால் கிண்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கொண்டுபோகக் கால் வரவில்லை. ‘நல்லதுக்குத்தானே சொன்னேன்?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. நம் ஊரானால் அம்மா வீடு, அத்தை வீடு என்று போய் மனசை ஆற்றிக்கொள்ளலாம். அன்னிய தேசத்தில் இரண்டு தோழிகளில் ஒருத்தியை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தீபாவளி முடிந்த மறுநாள் யாழ்ப்பாணத்து அக்கா போன் பண்ணினார். “தங்கச்சி, என்ர மகள் எஸ்ஸன்ல அந்த விளையாட்டுக் கண்காட்சியில ஆட்டம் சொல்லிக் குடுக்கிற வேலைக்கு நிக்கிறாள். ஒருக்கா வந்து பாருங்கோவன். டிக்கெட்டெல்லாம் எடுத்திட்டன்.” படிக்கிற பிள்ளைகள் கைச்செலவுக்காக இப்படி நாலு நாள் வேலை பார்ப்பது இங்கே சகஜம். டிக்கெட் எடுத்தாகிவிட்டதே என்று ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனால், பிளாட்பாரத்தில் அக்கா. பக்கத்தில் மதுரைத் தோழி! என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கிலிருந்தே, அவளிடமும் சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. அக்காவோ ஒன்றும் தெரியாதவர் மாதிரி, “ரயில் வந்திட்டுது, ஏறுங்கோ” என்றார். ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் அக்கா.

யாரும் பேசாத ரயிலில் அக்கா தன் கதையைத் தொடங்கினார். “நான் இஞ்ச வந்த புதுசில அகதி முகாமில இருந்தனான். எனக்கு ஒரு சொல் டொச் தெரியாது. ஒரு கிழவி கிழமைக்கொருக்கா வருவா. அவவுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஒரு பெட்டியைத் திறந்து பலகையை விரிச்சு, கட்டையை உருட்டிப்போட்டு ‘ஐன்ஸ், ஸ்வை, ட்ரை’ எண்டு எண்ணுவா. நானும் கூட எண்ணுவன். ஆறு வரைக்கும் டொச் படிச்சது அப்பிடித்தான். ஒருநாள் என்ர காயை வெட்டிப்போட்டுக் கைதட்டிச் சிரிச்சா பாருங்கோ, எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. ஊரை விட்டு வந்த பிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான்.”

அந்த ஆட்டத்தின் பெயரை ஜெர்மனியில் சின்னக் குழந்தையும் சொல்லும். ‘மனிதா, எரிச்சல் படாதே’ என்று அர்த்தம்! வேறொன்றுமில்லை, நம்முடைய தாயமும் பச்சீஸியும்தான். இந்தியாவில் பிறந்த பச்சீஸி இங்கிலாந்துக்குப் போய், 1896இல் ‘லூடோ’ என்று பதிவாயிற்று. அதே வம்சத்தில் வந்ததை மியூனிக் நகரத்தில் யோசெஃப் ஃபிரீட்ரிஷ் ஷ்மிட் என்பவர் தன்னுடைய மூன்று பையன்களை அடக்கி உட்கார வைக்க வீட்டிலேயே வரைந்து கொடுத்தாராம். 1914இல் அது பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்கள் கிடந்த ஆஸ்பத்திரிகளுக்கு 3,000 பெட்டிகளை அவர் இனாமாக அனுப்பி வைத்தார். வலியோடு படுத்துக் கிடக்கிறவனுக்கு மருந்து மட்டும் போதாது, எதிரே உட்கார ஓர் ஆளும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

‘எஸ்ஸன்’ என்ற சொல்லுக்கு ஜெர்மன் பாஷையில் ‘சாப்பிடுவது’ என்று அர்த்தம். ஊரின் பெயர் அதனால் வந்ததில்லை என்றாலும், எனக்கு அதைக் கேட்டதும் தைரியம் வந்தது. எலுமிச்சம்பழ சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்திருந்தேனே! ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையுமாகப் புகைந்து கிடந்த ஊர். ஸ்டேஷனிலிருந்து பூமிக்கடியில் ஓடுகிற ரயிலைப் பிடித்தால், கண்காட்சி வாசலிலேயே இறக்கிவிடுகிறது.

அம்மாடி, என்ன கூட்டம்! 1983இல் பெரியவர்களுக்கான கல்வி நிலையம் ஒன்றில் சிறியதாக ஆரம்பித்த விழாவாம். 2019இல் நாலு நாளில் 2 லட்சத்து 9 ஆயிரம் பேர் வந்தார்கள் என்று கணக்கு. கல்யாண மண்டபம் பத்தைச் சேர்த்து வைத்தாற்போல் ஒவ்வொரு ஹாலும். ஜனங்கள் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள், வாங்குகிற ஆட்டங்களை அடுக்கிக்கொண்டு போக! ஊன்றுகோல் வைத்த தாத்தா, தலைமயிருக்குப் பச்சைச் சாயம் பூசிய காலேஜ் பெண், மார்பில் குழந்தையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு சீட்டுப் பிடிக்கிற அப்பா... முன்பின் தெரியாதவர்கள் “இந்த நாற்காலி காலியா?” என்று கேட்டு உட்கார்ந்து, அரை மணி சேர்ந்து ஆடிவிட்டு, கைகுலுக்கி எழுந்து போகிறார்கள். எங்கே பார்த்தாலும் மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் சட்டம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

அம்மாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்பதை முதலில் கவனித்தேன். பஜ்ஜித் தட்டோடு நிற்கிற பெண் ஒருத்திகூடக் கண்ணில் படவில்லை.

அக்காவின் மகள் எங்களை ஒரு சுற்று அழைத்துப் போனாள். இந்த ஊரில் ஆட்டத்தை உருவாக்கியவர் பெயரைக் கதாசிரியர் பெயர் மாதிரி பெட்டி மேலேயே அச்சடிக்கிறார்கள். 1995இல் வந்து உலகமெங்கும் பரவிய ‘கத்தான்’ என்ற ஆட்டத்தை உருவாக்கிய கிளாவுஸ் டொய்பர், பல் செட்டுச் செய்யும் தொழிலில் இருந்தவர். வேலை முடிந்த நேரத்தில் ஆட்டம் செய்து பார்ப்பாராம். 2023இல் அவர் காலமானார். “எல்லாருக்கும் இந்த மாதிரிப் பேர் கிடைக்கேல்லை அன்ரி” என்றாள் அந்தப் பெண். நம் ஊரில் ‘டிரேட்’, ‘பிஸினஸ்’ என்று காகித நோட்டை எண்ணி ஆடுகிறோமே, அதற்கு மூலம் மோனோபலி. அதற்கும் மூலம், எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் பேடன்ட் வாங்கிய ஆட்டம். நிலமெல்லாம் ஒருத்தர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் என்ன கதிக்கு ஆளாவார்கள் என்று காட்டுவதற்காக அவர் அதைச் செய்தார். 1935இல் 500 டாலரோடு அவர் கணக்கு முடிந்தது. பெயரும் பணமும் வேறொருவருக்குப் போயின. கேட்டதும் அக்கா, “பொம்பிளையள் சமைச்சதை ஆம்பிளையள் பரிமாறின கதைதான்” என்றார். மதுரைத் தோழி லேசாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை.

மரச் சாமான் கடை ஒன்றில் நின்றோம். ஒரு பக்கத்துக்கு ஆறு குழி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி, உள்ளே கண்ணாடிக் கற்கள். பார்த்ததும் என் கை தானாகப் போய்விட்டது. ஏழு குழி இல்லையென்றால் என்ன? அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கையும் போட்டுக்கொண்டே வந்தது. மதுரைத் தோழியின் கை! ஒரு குழியில் நாலு கல் சேர்ந்ததும், “பசு” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அக்காவின் மகளுக்கு மேஜை ஒன்று காலியானது. “மூண்டு பேரும் இருங்கோ, உங்களுக்கு ஏத்த ஆட்டம் ஒண்டு இருக்கு” என்று உட்கார வைத்தாள். ‘ஹனாபி’ என்று சின்னச் சீட்டுக்கட்டு. ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்று அர்த்தமாம். பூ, தீ என்ற இரண்டு சொல் சேர்ந்தது. நம்முடைய மத்தாப்பூ! இந்த ஊரில் வருஷக் கடைசியில்தான் வெடி விற்பார்கள், தீபாவளிக்குக் கொளுத்த வழியில்லை. அந்தக் குறைக்குச் சீட்டிலாவது மத்தாப்பூ கொளுத்தலாம் என்று உட்கார்ந்தோம். அந்த்வான் பொஸா என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கி 2010இல் வந்தது. 2013இல் ஜெர்மனியின் ‘வருஷத்தின் சிறந்த ஆட்டம்’ என்ற பரிசு பெற்றது.

ஆட்டம் என்னவென்றால், ஐந்து நிறம், ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று முதல் ஐந்து வரை எண். மூன்று பேராய் ஆடினால் ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒவ்வொரு நிறத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கீழே அடுக்கி முடிக்க வேண்டும். இதில் ஒருத்தர் ஜெயித்து மற்றவர் தோற்பது கிடையாது. ஜெயித்தால் எல்லாரும், தோற்றால் எல்லாரும். விசேஷம் எங்கே என்றால், சீட்டைத் திருப்பித்தான் பிடிக்க வேண்டும். என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதிரே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் இருப்பது எனக்குத் தெரியும். நம் முறை வரும்போது மற்றவருக்கு ஒரு குறிப்புச் சொல்லலாம், “இந்த ரெண்டும் சிவப்பு” என்றோ, “இது மூணு” என்றோ. அவ்வளவுதான். குறிப்புக்கு எட்டே வில்லைதான். தீர்ந்தால், ஒரு சீட்டைக் கழித்து ஒரு வில்லையைத் திரும்பப் பெறலாம். தப்பான சீட்டை மூன்று தடவை போட்டால் ஆட்டம் முடிந்தது.

முதல் ஆட்டத்தில் மதுரைத் தோழி ஒரு சீட்டைத் தப்பாகப் போட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு, “அதைப் போய்ப் போடுவாங்களா?” என்றேன். பழக்கதோஷம்!

அக்காவின் மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “அன்ரி, அப்பிடிச் சொல்லக்கூடாது. அவவின்ர கையில என்ன இருக்கெண்டு அவவுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் முதல்லயே சொல்லியிருக்கலாம். போட்ட பிறகு குற்றம் சொல்லிறதுக்கு இந்த ஆட்டத்தில சட்டம் இல்லை.”

அந்தப் பெண்ணுக்கு எங்கள் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மேஜையில் மூன்று பேரும் சில விநாடி அப்படியே இருந்தோம். மதுரைத் தோழி எட்டு மாதத்துக்குப் பிறகு என்னை நேருக்கு நேராகப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஆட்டம் மூன்றாவது தப்போடு முடிந்தது.

“இன்னொண்டு ஆடுவம்” என்றார் அக்கா.

இரண்டாவது ஆட்டத்தில் பாதி வந்திருப்போம். சீட்டைக் கழிக்க வேண்டி வந்தால் அவள் எப்போதும் வலது ஓரத்துச் சீட்டைத்தான் எடுப்பாள். அந்த ஓரத்தில் வந்து நின்றது சிவப்பு ஐந்து. ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து ஒன்றே ஒன்றுதான். அது போனால் சிவப்பு வரிசை முடியவே முடியாது. அவளுக்குத் தெரியாது. எனக்கோ கையில் நிச்சயமாகத் தெரிந்த சீட்டு ஒன்று இருந்தது. போட்டால் ஒரு புள்ளி. குறிப்பு வில்லை மீதி இருந்தது ஒன்றுதான்.

என் சீட்டைப் போடவில்லை. வில்லையை எடுத்து வைத்து, அவள் சீட்டைத் தொட்டு, “இது அஞ்சு” என்றேன்.

எட்டு மாதத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் அந்தச் சீட்டை எடுத்து, கையின் இந்தக் கோடிக்கு மாற்றி, பத்திரமாக வைத்துக்கொண்டாள். வேறொரு சீட்டைக் கழித்தாள். அடுத்த சுற்றில், “உங்க கையில இந்த ரெண்டும் மஞ்சள்க்கா” என்றாள். ‘அக்கா’ என்று வந்துவிட்டது! எனக்குச் சீட்டெல்லாம் கலங்கித் தெரிந்தது. கடைசியில் அந்தச் சிவப்பு ஐந்தை அவளே கீழே வைத்து வரிசையை முடித்தாள். இருபத்தைந்துக்குப் பதினேழு வாங்கினோம்.

சாப்பிடும் நேரத்துக்கு, அங்கே எல்லாரும் செய்கிற மாதிரி, நடைபாதைச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். அக்கா “தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்” என்று எழுந்து போனவர், வரவே இல்லை. (தேத்தண்ணிக் கடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது!)

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “எனக்குச் சொன்னதுக்காக நான் இத்தனை நாள் கோபமா இருப்பேனாக்கா? எத்தனையோ பேர் சொல்றாங்க. அன்னைக்கு அவன் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தான். வீட்டுக்கு வந்து, ‘அம்மா, நான் கெட்டுப் போயிட்டேனா?’ன்னு கேட்டான். நான் என்ன பதில் சொல்றது? அப்புறம் ஒரு கணக்கு தப்பாப் போனாலும் ‘நான் அப்படித்தானே’ன்னு நோட்டை மூடிடறான்.”

கையில் எடுத்த கவளத்தை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். பத்து வயசுப் பிள்ளையைத் தரம் பிரித்துச் சொல்ல நான் யார்? டீச்சராவது காகிதத்தில் எழுதினார். நான் பத்துப் பேர் நடுவில் வாயால் எழுதினேன். ‘நல்லதுக்குத்தான் சொன்னேன்’ என்று எட்டு மாதமாக யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்தக் குழந்தையிடம் சொல்ல முடியுமா?

“அவனை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா” என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. “கேட்டுப் பாக்கறேன்க்கா. வந்தா வருவான்” என்றாள். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

வரும்போது அந்தச் சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டேன். ரயிலில் அக்கா எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எதிர் ஸீட்டில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தான். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். நான் பஜ்ஜி போடவில்லை. கடையில் வாங்கிய பிஸ்கட்டைத் தட்டில் கொட்டிவிட்டு, முதல் ஆளாக மேஜையில் உட்கார்ந்தேன். என் கணவர் ஆச்சரியமாகப் பார்த்தார். சீட்டைக் கலைத்துப் போடுவதற்கு முன்னால் அவனிடம், “கண்ணா, பெரியம்மா அன்னைக்கு உன்னைப் பத்திச் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்” என்றேன். பெரியவர்கள் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நாக்கு புரளவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

ஆட்டத்தில் அவன் ஒரு கெட்டிக்காரன்! யார் கையில் எது போயிற்று, எது மீதி இருக்கிறது என்று எல்லாம் மனசில் வைத்திருந்தான். நான் ஒரு சீட்டைத் தொட்டுக்கொண்டு போடலாமா, வேண்டாமா என்று தயங்கினேன். அவன் முறை வந்ததும் கடைசி வில்லையை எடுத்து வைத்துவிட்டு அந்தச் சீட்டைத் தொட்டான். “இது ஒண்ணு, பெரியம்மா” என்றான். அவனாக என்னிடம் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

இன்னும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்கு நோட்டை அவன் இன்னமும் சில நாள் மூடி வைத்துவிடுகிறானாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு மூத்த சகோதரியாகச் சில வார்த்தை. விலை உயர்ந்த பெட்டி எதுவும் வேண்டாம். பரணில் இருக்கும் பல்லாங்குழியும், வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் எடுக்கிற பரமபதமுமே போதும். மூன்று வயசுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் சோழி, புளியங்கொட்டை, சின்னக் காய்களை எட்டாத உயரத்தில் வையுங்கள். தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைப்பது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிஷத்தில் முடிகிற ஆட்டமாகப் பாருங்கள். தோற்றால் அழுவார்கள், அழட்டும். கேலி மட்டும் வேண்டாம். தப்பாக ஆடிய பிறகு தலையில் அடித்துக்கொள்ளாமல், ஆடுவதற்கு முன்னால், “இதையும் பாரு” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முக்கியமாக, நீங்களும் உட்காருங்கள். அடுப்படி வேலை எங்கேயும் ஓடிப் போகாது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பஜ்ஜி போட்டது யார் தெரியுமோ? என் கணவர்! உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.